அமாவாசைக்கு அமாவாசை ஒரு டிஸ்க்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போகும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது ஐம்பதுக்குப் பக்கம். கல்யாணத்துக்கு முன்பே டேப் ரெக்கார்டர் வாங்கியவர். கடையில் லிஸ்ட் எழுதிக் கொடுத்து 60, 90 கேசட்டில் பாட்டுப் பதிந்து வாங்கியவர். அப்புறம் ஆடியோ சி.டி., அப்புறம் ஒரே தட்டில் 150 பாட்டு அடங்கிய எம்.பி.3 சி.டி., அப்புறம் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் மொபைல் கடை என்று எல்லாப் படிக்கட்டும் ஏறி வந்தவர்.

இப்போது அவர் வீட்டு அலமாரியில், வைஃபை ரூட்டருக்குப் பக்கத்தில், செருப்பு டப்பா சைஸில் ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குப் பெயர் நாஸ். வீட்டு நெட்வொர்க்கில் எல்லாருக்கும் பொதுவான ஹார்ட் டிஸ்க் என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே இரண்டு டிஸ்க். இருபதாயிரம் பாட்டு. வீட்டில் எந்த போனில் கேட்டாலும், எந்த டி.வி.யில் கேட்டாலும் பாடும்.

யாராவது "பேக்கப் எடுத்து வச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே பதில் வரும்.

"ரெண்டு டிஸ்க் போட்டிருக்கேன் தம்பி. ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கு."

இந்தப் பதிலில்தான் கோளாறு. ஆள் கற்பனை, ஆனால் பதில் கற்பனை இல்லை. நாஸ் வாங்கிய பத்துப் பேரைக் கேட்டால் பாதிப் பேர் இதையேதான் சொல்வார்கள். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே பெட்டிக்குள், ஒரே பிளக்கில் மாட்டிய இரண்டு டிஸ்க் என்பது கணக்குப்படி ஒரே பிரதிதான். இந்தக் கட்டுரை சொல்ல வருவதும் அது ஒன்றுதான்.

கார்பன் பேப்பர் கணக்கு

இரண்டு டிஸ்க்கிலும் ஒரே சமயத்தில் ஒரே விஷயத்தை எழுதும் ஏற்பாட்டுக்கு ரெய்டு என்று பெயர். போலீஸ் ரெய்டு இல்லை :-) 1988-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூன்று பேர் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் வந்த பெயர். விலை உயர்ந்த ஒரே பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான சின்ன டிஸ்க்குகளைச் சேர்த்து வைக்கலாம், அதில் ஒன்று பழுதானாலும் வேலை நிற்காது என்பதுதான் அதன் சாரம். கவனியுங்கள், "வேலை நிற்காது". பேங்க் கவுன்டர் மூடக் கூடாது, ரயில்வே ரிசர்வேஷன் நிற்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. வீட்டில் ஒரு மணி நேரம் பாட்டு ஓடாவிட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

கடையில் பில் புக்குக்கு நடுவே கார்பன் பேப்பர் வைத்து எழுதுவார்களே, ரெய்டு அந்த மாதிரி. மேல் தாள் கிழிந்தால் கீழ்த் தாள் இருக்கும். வாஸ்தவம். ஆனால் மேலே 500 என்பதை 5,000 என்று தப்பாக எழுதினால் கீழேயும் 5,000 தான். பில் புக்கே தண்ணீரில் விழுந்தால் இரண்டு தாளும் சேர்ந்தே நனையும்.

வீட்டில் அப்படி என்ன நடந்துவிடும்? பையன் கேம் போட இடம் இல்லை என்று ஒரு ஃபோல்டரை அழிப்பான். அடுத்த வினாடி இரண்டாவது டிஸ்க்கிலும் அது காலி. கரண்ட் போய்த் திரும்பி வரும்போது ஓங்கி ஒரு வோல்டேஜ் அடித்தால் ஒரே அடாப்டரில் இருக்கும் இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே அடி. திருடன் வந்தால் "ஒரு டிஸ்க்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்ல மாட்டான், பெட்டியோடுதான் போவான்.

திருடன் வீட்டுக்குள் வரக்கூட வேண்டாம். 2021 ஏப்ரலில் க்யூலாக்கர் என்ற வைரஸ், க்யூநாப் நாஸ் பெட்டிகளுக்குள் இணையம் வழியாக நுழைந்து ஃபைல்களைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி, திறக்கப் பிட்காயினில் பணம் கேட்டது. அதே வருடம் ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்ற பழைய மாடல் பெட்டிகள், யாரோ எங்கிருந்தோ கொடுத்த கட்டளையை ஏற்று, உலகம் முழுக்கத் தம்மைத் தாமே அழித்துக்கொண்டன. அந்த மாடலுக்குச் சாஃப்ட்வேர் அப்டேட் 2015-லேயே நின்றுபோயிருந்தது. காலையில் எழுந்து பார்த்தவர்களுக்கு, வாங்கிய அன்று இருந்த மாதிரி காலிப் பெட்டி. இவர்களில் எத்தனையோ பேர் பேக்கப்புக்கு என்றே அதை வாங்கியவர்கள்!

மூன்று ஆறு, ஒரு மாவட்டம்

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். திருவள்ளூர் மாவட்டத்துக்கு என்று தனியாக ஒன்று உண்டு. தண்ணீர்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வடக்கே ஆரணி ஆறு. ஆந்திராவில் பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் ஊத்துக்கோட்டையில் தண்ணீர் தெரியும், அது பெரியபாளையம், பொன்னேரி தாண்டிப் பழவேற்காடு பக்கம் போகும். நடுவில் கொசஸ்தலை ஆறு. அதன் குறுக்கே 1944-ல் கட்டிய பூண்டி ஏரி. பூண்டியைத் திறந்தால் எண்ணூர் வரை கரையோர ஊர்களுக்கெல்லாம் தண்டோரா போட வேண்டும். தெற்கே திருவள்ளூரை ஒட்டிக் கூவம். கோடையில் மூன்றும் மணல். ஐப்பசி, கார்த்திகையில் மூன்றும் ஆறு.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையோடு சேர்ந்து இந்த மாவட்டமும் மூழ்கியது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம். பத்து வருடத்துக்குள் மூன்று அடி. 2015 தண்ணீர் வடிந்த பிறகு தெருவில் மலைபோல் குவிந்து கிடந்தவை எவை என்று ஞாபகம் இருக்கிறதா? மெத்தை, பீரோ, ஃபிரிட்ஜ், ஆல்பம், கம்ப்யூட்டர். டிஸ்க் இரண்டாக இருந்தாலும் நான்காக இருந்தாலும் தண்ணீருக்குக் கணக்குத் தெரியாது.

போட்டோகிராபர்கள் மத்தியில் ஒரு விதி உண்டு. பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் தன் புத்தகத்தில் எழுதிப் பிரபலமாக்கியது. மூன்று பிரதி வேண்டும், இரண்டு வேறு வேறு வகைச் சாதனத்தில் இருக்க வேண்டும், ஒன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும். மூன்று, இரண்டு, ஒன்று. திருவள்ளூர் மாவட்டத்துக்கு இதைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம்: அந்த ஒன்று வேறு ஆற்றங்கரையில் இருக்க வேண்டும்.

இது புதுச் சங்கதியா என்ன?

"கம்ப்யூட்டர்காரர்கள் கிளப்பிவிட்ட பயம் இது" என்று சிலர் சொல்லலாம். அவர்கள் உ.வே.சா.வை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பனையோலை ஏடு சில நூறு வருடம் தாங்குவதே அதிகம். கரையான் அரிக்கும், ராமபாணம் துளைக்கும், ஓரம் ஒடியும். அதனால் ஒவ்வொரு தலைமுறையும் பழைய ஏட்டைப் பார்த்துப் புது ஏட்டில் பெயர்த்து எழுதியது. சீவக சிந்தாமணி 1887-லும் சிலப்பதிகாரம் 1892-லும் புறநானூறு 1894-லும் அச்சுக்கு வந்தன என்றால், உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து, மடத்தில் ஒன்று, கவிராயர் வீட்டில் ஒன்று என்று பிரதிகளைத் தேடி ஒப்பிட்டுப் பார்த்ததால்தான். ஒரு பிரதியில் செல்லரித்த வரி வேறு ஊர்ப் பிரதியில் முழுசாக இருந்தது. எல்லாப் பிரதியும் ஒரே மடத்தில் ஒரே பரணில் இருந்திருந்தால் பாடத்திட்டத்தில் சங்க இலக்கியம் இருந்திருக்காது. (மாணவர்கள் சந்தோஷப்பட்டிருக்கலாம், அது வேறு விஷயம் :-))

எதிர்ப்பக்க உதாரணம் யாழ்ப்பாணம். 1981-ல், மே 31 நள்ளிரவு தாண்டி, பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பல். அச்சான புத்தகத்தை வேறு எங்கிருந்தாவது வாங்கி வைத்துவிடலாம். வேறு பிரதி இல்லாத ஏடுகள் போனது போனதுதான்.

இசையிலும் இதே பாடம். முதல் தமிழ்ப் பேசும் படமான "காளிதாஸ்" 1931-ல் வந்தது. அதன் படச்சுருள் இன்று இல்லை. அந்தக் காலப் படங்களில் பல இப்படிக் காணாமல் போனவை. சிலவற்றில் படம் போயும் பாட்டு மிஞ்சியிருக்கிறது. காரணம் எளிது. படச்சுருளின் பிரதிகள் கொஞ்சம், அவையும் கம்பெனிக் கிடங்கில் கிடந்தன. இசைத்தட்டோ நூற்றுக்கணக்கில் விற்று, காரைக்குடியில் ஒன்று, கொழும்பில் ஒன்று, பினாங்கில் ஒன்று என்று வீடு வீடாகச் சிதறியிருந்தது. யாரும் திட்டம் போட்டுப் பாதுகாக்கவில்லை. சிதறிக் கிடந்ததே பாதுகாப்பாக அமைந்துவிட்டது.

"அதான் ஆப் இருக்கே?"

வகுப்பில் எழும் அடுத்த கேள்வி இது. போனில் ஆப் போட்டால் உலகத்துப் பாட்டெல்லாம் வரும்போது இந்த வம்பு எதற்கு?

கூகுள் ப்ளே மியூசிக் 2020-ல் மூடப்பட்டது. ரெஸ்ஸோ 2024 ஜனவரியோடு இந்தியாவிலிருந்து விடைபெற்றது. ஏர்டெல்லின் விங்க் மியூசிக் 2024 நவம்பரில் முடிந்தது. அதில் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்த பிளேலிஸ்ட் எல்லாம் வாடகை வீட்டுச் சுவரில் அடித்த ஆணி மாதிரி, காலி செய்யும்போது எடுத்துக்கொண்டு போக முடியாது. மைஸ்பேஸ் இன்னும் மோசம். 2003 முதல் 2015 வரை ரசிகர்களும் கலைஞர்களும் ஏற்றிய பாட்டுகள், சர்வர் மாற்றும்போது அழிந்துவிட்டன என்று 2019-ல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது.

நேர்மையாகச் சொன்னால், இந்த வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. பிரபலமான சினிமாப் பாட்டு ஒரு ஆப்பில் இல்லாவிட்டால் இன்னொன்றில் கிடைக்கும். அதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கும்மிடிப்பூண்டி வீட்டுப் பெட்டியில் சினிமாப் பாட்டு மட்டும்தான் இருக்கிறதா?

ஏ, பி, சி

பி.காம். படிப்பவர்களுக்குக் காஸ்ட் அக்கவுன்டிங்கில் ஏ.பி.சி. அனாலிசிஸ் என்று ஒரு பாடம் வரும். கிடங்கில் இருக்கும் எல்லாச் சரக்கையும் ஒரே மாதிரி கவனிக்காதே, எண்ணிக்கையில் குறைவு மதிப்பில் அதிகம் என்பதை ஏ, நடுத்தரம் பி, எண்ணிக்கையில் மலை மதிப்பில் மடு என்பதை சி என்று பிரி என்பார்கள். பரீட்சைக்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்காத இந்தப் பாடம் பாட்டுப் பெட்டிக்கு அச்சு அசலாகப் பொருந்தும்.

*சி பிரிவு:* எங்கும் கிடைக்கும் சினிமாப் பாட்டு. இருபதாயிரத்தில் பெரும் பங்கு இதுதான்.

*பி பிரிவு:* கிடைக்கும், ஆனால் கஷ்டப்பட வேண்டும். கடைக்கு இப்போது வராத கச்சேரி கேசட்டுகள், பதிப்பு நின்றுபோன பக்திப் பாடல் ஆல்பங்கள், ரேடியோவிலிருந்து பிடித்த நிகழ்ச்சிகள். இதோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: இசையமைப்பாளர், பாடகர், படம், வருடம் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் உட்கார்ந்து அடித்த விவரம்.

*ஏ பிரிவு:* உலகத்தில் வேறு எங்கும் இல்லாதது. ஆயா பாடிய தாலாட்டு. திரௌபதி அம்மன் கோவில் திருவிழாவில் விடிய விடிய நடந்த தெருக்கூத்தை மடியில் டேப் ரெக்கார்டர் வைத்துப் பதிந்த கேசட். அப்பா கடைசியாகப் பேசியது. மகள் இரண்டு வயதில் மழலையில் பாடிய சினிமாப் பாட்டு. ஒரிஜினல் பாட்டு எந்த ஆப்பிலும் கிடைக்கும், அந்த மழலை கிடைக்காது.

கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. கடல் கடந்து அவசரமாகப் புறப்பட்டு வந்தவர்களின் குடும்பங்கள். ஏ பிரிவு என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால், பெரும்பாலோர் கவலைப்படுவதும் காசு செலவழிப்பதும் சி பிரிவுக்காக. "நாலு டெராபைட் வேணும், எட்டு டெராபைட் வேணும்" என்று கணக்குப் போடுவார்கள். தாலாட்டு கேசட் இன்னும் பரணில் பூசணம் பிடித்துக் கிடக்கும்.

மணிக் கணக்கு

இப்போது கொஞ்சம் கணக்கு. 320 கே.பி.பி.எஸ். எம்.பி.3 என்றால் ஐந்து நிமிடப் பாட்டு 12 எம்.பி. இருபதாயிரம் பாட்டு 240 ஜி.பி. தரம் குறையாத ஃப்ளாக் வடிவம் என்றால் பாட்டுக்குச் சுமார் 30 எம்.பி., மொத்தம் 600 ஜி.பி. இரண்டில் எதுவானாலும் சட்டைப் பையில் அடங்கும் ஒரு டெராபைட் போர்ட்டபிள் டிஸ்க்கே போதும். இரவு பகல் விடாமல் கேட்டால் 69 நாள் ஓடும் சேகரிப்பு, பீடிக்கட்டு சைஸில்.

ஏ பிரிவு இன்னும் சின்னது. ஒரு மணி நேரக் கேசட் 128 கே.பி.பி.எஸ்.ஸில் 58 எம்.பி. நூறு கேசட் என்றாலும் 6 ஜி.பி.க்குள். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜி.பி.யில் அடங்கிவிடும்.

டிஸ்க்கின் மதிப்பு என்ன? வருமான வரி விதிகளில் கம்ப்யூட்டருக்கு வருடம் 40 சதவீதம் தேய்மானம். நூறு ரூபாய்க்கு வாங்கியது ஐந்து வருடம் கழித்துப் புத்தகத்தில் 7 ரூபாய் 78 காசு. அரசாங்கமே சொல்கிறது, இந்தச் சாமான் நிலைக்காது என்று!

உள்ளே இருப்பதன் மதிப்பு என்ன? உழைப்பைக் கணக்கிடுங்கள். 300 கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற ஓட விட்டுத்தான் பதிய வேண்டும், குறுக்கு வழி கிடையாது. 300 மணி நேரம். 200 சி.டி., தட்டுக்குப் பத்து நிமிடம் என்றால் 33 மணி நேரம். ஐயாயிரம் பாட்டுக்காவது விவரம் அடித்திருப்பார், நிமிடத்துக்கு ஒன்று என்றால் 83 மணி நேரம். கூட்டினால் 416. எட்டு மணி நேர ஷிப்டில் 52 ஷிப்ட். மாதத்துக்கு 26 வேலை நாள் என்றால் சரியாக இரண்டு மாதச் சம்பள உழைப்பு! மனிதர் ஞாயிற்றுக்கிழமைகளை விற்றுச் சேர்த்தது. இதைக் காப்பாற்ற இன்னும் இரண்டு போர்ட்டபிள் டிஸ்க் வாங்குவது செலவா? இன்ஷூரன்ஸ் பிரீமியம் என்று எழுதிக்கொள்ளலாம்.

அக்கா வீட்டு பீரோ

சரி, என்னதான் செய்வது? பெரிய டெக்னாலஜி எதுவும் வேண்டாம். அவருக்குத் திருவள்ளூரில் ஒரு அக்கா இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கற்பனைதானே, இருக்கட்டும்.

இரண்டு போர்ட்டபிள் டிஸ்க். இரண்டிலும் முழுச் சேகரிப்பு. ஒன்று வீட்டில், ஒன்று அக்கா வீட்டு பீரோவில். மாதா மாதம் இடம் மாற வேண்டும். வீட்டில் இருப்பதில் புதுப் பாட்டையெல்லாம் ஏற்றிக்கொண்டு போய் அக்காவிடம் கொடுத்துவிட்டு, அங்கே இருப்பதை வாங்கி வர வேண்டும்.

"அக்கா, இதைப் பட்டுப்புடவை இருக்கற தட்டுல வச்சிரு."

"என்னடா இது, போன மாசமும் கொடுத்தியே?"

"அதைக் கொடு, இதை வாங்கிக்கோ. அம்மா பாடினது இதுலதான் இருக்கு."

கடைசி வாக்கியத்தைச் சொன்னால் போதும், அக்கா அதை நகையோடு சேர்த்து வைப்பார்.

மாதா மாதம் ஞாபகம் இருக்குமா? இருக்கும். திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோவிலுக்கு அமாவாசைதோறும் கூட்டம் வரும். குளத்தில் வெல்லம் கரைப்பவர்கள், முன்னோரை நினைப்பவர்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் வந்து சென்ட்ரலில் அரக்கோணம் வண்டி பிடித்தால் திருவள்ளூர். அமாவாசைக்கு அமாவாசை ஒரு கும்பிடு, ஒரு சாப்பாடு, ஒரு டிஸ்க். எவ்வளவு மோசமாக நடந்தாலும் போவது ஒரு மாதப் பாட்டுதான்.

அந்தப் போர்ட்டபிள் டிஸ்க் வேலை முடிந்ததும் பிளக்கிலிருந்து கழட்டியே இருக்க வேண்டும். கழட்டிய டிஸ்க்கை எந்த வைரஸும் தொட முடியாது, எந்த வோல்டேஜும் சுட முடியாது. நாஸ் பெட்டி 20 வாட் இழுத்தாலும் இரவு பகல் ஓடி இரண்டு மாத பில்லில் 29 யூனிட் ஏற்றும். அக்கா வீட்டு டிஸ்க் தின்பது பூஜ்யம் யூனிட்.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு. திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம், 2015 மழை இரண்டு இடத்திலும்தானே பெய்தது? உண்மை. ஒரே மழைதான். ஆனால் இரண்டு வீட்டிலும் ஒரே நாளில் பீரோ மேல்தட்டு வரை தண்ணீர் வருவது அபூர்வம். அந்த அபூர்வத்துக்கும் சேர்த்துத்தான் ஏ பிரிவை மட்டும் இன்னும் தூரத்துக்கு அனுப்ப வேண்டும். மதுரையில் இருக்கும் மச்சானிடம் ஒரு பென் டிரைவ், இணையத்தில் அந்த இலவச 15 ஜி.பி. ஆறு ஜி.பி.யை ஐந்து இடத்தில் வைப்பதற்கு யாரும் கடன் வாங்க வேண்டியதில்லை.

ட்ரையல் பேலன்ஸ்

பேக்கப் எடுத்துவிட்டோம் என்று நினைப்பதும் பேக்கப் இருப்பதும் வேறு வேறு. இதற்குப் பிக்ஸார் கதையைச் சொல்லாமல் முடியாது. 1998-ல் "டாய் ஸ்டோரி 2" படம் தயாராகிக்கொண்டிருந்தபோது யாரோ தவறுதலாகக் கொடுத்த ஒரு கட்டளையில் படத்தின் ஃபைல்கள் மடமடவென்று அழியத் தொடங்கின. பேக்கப்பை எடுத்தார்கள். அது சரியாக வேலை செய்யவில்லை, அதுவரை யாரும் சோதித்துப் பார்க்கவும் இல்லை. படத்தைக் காப்பாற்றியது கேலின் சஸ்மன் என்ற பெண் ஊழியரின் வீட்டுக் கம்ப்யூட்டர். குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஒரு பிரதி வைத்திருந்தார். கோடிக்கணக்கான டாலர் கம்பெனியைக் கரைசேர்த்தது, கிட்டத்தட்ட அக்கா வீட்டு டிஸ்க் :-)

கணக்கில் ட்ரையல் பேலன்ஸ் போடுவது போல, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பிலிருந்து பத்துப் பாட்டை எடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். ஃப்ளாக் ஃபைல் என்றால் இன்னும் வசதி. ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் அதன் ஒலிக்கான சரிபார்ப்பு எண் ஒன்று பதிந்திருக்கும். சோதிக்கும் கட்டளையைக் கொடுத்தால் ஒரு பிட் மாறியிருந்தாலும் காட்டிக்கொடுக்கும். அந்தக் காலத்து ஏடு ஒப்பிடும் புலவர் வேலையை இப்போது ஃபைலே செய்கிறது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை டிஸ்க்கையே மாற்றிவிடுவது நல்லது. புது ஏட்டில் பெயர்த்து எழுதுவது என்று நினைத்துக்கொள்ளலாம்.

நாமினி யார்?

கடைசியாக ஒன்று. பேங்க் அக்கவுன்டுக்கு நாமினி கேட்கிறார்கள், பி.எஃப்.புக்குக் கேட்கிறார்கள். பாட்டுப் பெட்டிக்கு யாரும் கேட்பதில்லை. அதன் பாஸ்வேர்டு அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் ஒருநாள் இல்லாமல் போனால் அந்தப் பெட்டி வீட்டாருக்கு வெறும் கறுப்பு டப்பா. வயரைப் பிடுங்கி ஓரமாக வைப்பார்கள், ஒரு ஆயுத பூஜைக்கு முன்னால் பழைய இரும்புக்காரரிடம் போடுவார்கள். தண்ணீர், வைரஸ், திருடன் எல்லாரிடமும் தப்பித்த தாலாட்டு கடைசியில் ஒரு பாஸ்வேர்டில் போகும்.

ஒரு நோட்டில் மூன்று வரி போதும். பெட்டி எது, பாஸ்வேர்டு என்ன, அக்கா வீட்டில் என்ன இருக்கிறது. ரேஷன் கார்டு இருக்கும் ஃபைலில் அந்த நோட்டையும் வைக்க வேண்டும்.

நாஸ் வாங்குவது தப்பில்லை, தாராளமாக வாங்கலாம். அது பாட்டுக் கேட்பதற்கான வசதி. பாட்டைக் காப்பாற்றுவதற்கு வேண்டியது வேறு ஊரில் ஒரு டிஸ்க், அதைச் சோதிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை, விஷயம் தெரிந்த இன்னொரு ஆள். இதை வாசிக்கும் உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெட்டி இருந்தால், அடுத்த அமாவாசை எப்போது என்று காலண்டரில் பாருங்கள்.

டிஸ்கி: (டிஸ்க் பற்றிய பதிவுக்கு டிஸ்கி போடாவிட்டால் எப்படி!) நகல் எடுத்து வைப்பது வேறு, ஊருக்கெல்லாம் நகல் போட்டு விற்பது வேறு. மேலே சொன்னது முதல் வகைக்கு மட்டும். அக்காவிடம் கொடுப்பது பத்திரமாக வைக்க. மச்சான் அதை மெமரி கார்டு கடை ஆக்கினால் கம்பெனி பொறுப்பல்ல :-)